மாத்தளை முத்துமாரி சந்நிதியில் ஒரு மாசி மகம்

பஞ்சரத பவனியைக் காண இலங்கை மலையகத்தின் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்பட்ட நாங்கள், தேர்கள் வீதிக்கு வருவதற்கு முன்பே மாத்தளை முத்துமாரியம்மனின் 108 அடி இராஜகோபுரத்தின் கீழ் கூடிவிட்டோம். அருச்சனைத் தட்டோடு நின்றவர்களில் சிங்களப் பெண்களும் இருந்தனர்.

பிரித்தானியர் கோப்பி பயிரிட்ட காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், காட்டுப் பாதையில் கால்நடையாகவே மாத்தளையை நோக்கி வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மழைக்கும் நோய்க்கும் உரிய தாயாக அவர்கள் கும்பிட்ட மாரியை, உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் இந்த ஊரில் தரிசிக்கும்போது, கற்பூர ஒளியில் அந்தப் பாதையும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய மலையக மக்களின் நடைபயணம், அதே வழியைப் பின்பற்றி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவடைந்தது. காணியுரிமையும் நியாயமான கூலியும் கேட்டு நடந்த அந்தப் பயணத்தை நான் ஒரு பாதயாத்திரையாகவே மதிக்கிறேன்.

தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தில் இக்கோயிலின் தேர்கள் எரிக்கப்பட்டன. இன்று புதிய தேரின் வடத்தைப் பிடிக்கும்போது, அழிந்ததை மீண்டும் கட்டியெழுப்பிய மக்களின் உறுதியையும் சேர்த்தே வணங்கினேன்.

அன்னதான மண்டபத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் விரல் வெடிப்புகளில் கொழுந்துச் சாறு கறுப்பாக ஏறியிருந்தது. "சாமிக்குச் செய்யிறதும் சனத்துக்குச் செய்யிறதும் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுத்த காயை எடுத்தார். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு சாவு விழுந்தால் கோயில் சங்கத்திலிருந்தே முதல் உதவி போகும். திருவிழாக் கூட்டத்தில்தான் குடிநீர்க் குழாயைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் முதற்பேச்சு எழும். ஆனால் சம்பளத்தில் கோயில் சந்தா கொடுக்கும் பெண்களுக்கு நிர்வாக சபையில் இடம் தராத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அம்மனைத் தாயென்று அழைத்துக்கொண்டே அவள் பெண்மக்களை வாசலில் நிறுத்தி வைப்பது பக்திக்குப் பொருந்தாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திரும்பும் வழியில் கண்டியைக் கடந்தபோது, இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளாரைப் பற்றிப் பேச்சு வந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட எங்கள் மக்களின் துயரைத் தன் சமயக் கடமையாக ஏற்று, 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாக்குச்சீட்டு கிடைத்த பின்னும், பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்களே எங்கள் தோட்டத்தில் பெரும்பான்மை.

பேருந்திலேயே பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். எங்கள் கோயில் திருவிழாவுக்கான அடுத்த கூட்டத்தில், சபையில் தங்களுக்கு இடம் கேட்பதோடு, வீட்டுக் காணி உறுதிக்கான மனுவையும் முன்வைத்து லயம் லயமாகக் கையெழுத்து வாங்கப் போகிறார்கள். மனுவை எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.