ஆட்டிசம் சான்றிதழ்: வாங்கலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு

மகனுக்கு மூன்று வயதில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஆட்டிசம் என்று சொன்னபிறகும், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்ற பேச்சை எங்கள் வீட்டில் எடுக்கவே முடியவில்லை. "பேசிடுவான்மா. இப்பவே கவர்மென்ட்ல எழுதி வாங்கிட்டா அப்புறம் அழிக்க முடியுமா?" என்பார் மாமியார். பேரன் இனி தேறமாட்டான் என்று நாங்களே கையெழுத்துப் போடுவதாக அவருக்குப் பட்டது.

அவனுக்கு ஐந்து முடிந்ததும் விண்ணப்பித்தோம். காரணம் பணம்தான். பெங்களூரில் பேச்சுக்கு ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) இரண்டும் தனியாரிடம் என்றால் மாதாமாதம் துண்டு விழும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிக்கும் அதில் இடமுண்டு. ஆனால் சான்றிதழ் இல்லாமல் சேர முடியாது. பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு வரிக் கணக்கில் 75,000 ரூபாய் கழிவும் உண்டு.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்குமான யுடிஐடி இணையதளத்தில் பதிவது எளிது. ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும். அலைச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாங்கள் போன அரசு மருத்துவமனையில் சைக்காலஜிஸ்ட் லீவு என்று திருப்பி அனுப்பினார்கள். அதைப் போனில் முன்பே சொல்லியிருக்கலாம். கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்காத பிள்ளையை அல்சூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போவது என்ன பாடு என்று அவர்கள் யோசிக்கவில்லை.

மறுபடி போனபோதுதான் மதிப்பீடு நடந்தது. அதற்கு ஐசா என்ற அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே மகன் எழுந்து, மதிப்பீடு செய்த டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கதவுத் தாழ்ப்பாளில் வைத்தான். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் திறந்துவிட்டார், திரும்பி வந்து எதையோ குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் "வீட்ல இப்படி இல்ல மேடம், நல்லா பண்ணுவான்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். வீட்டில் எடுத்த வீடியோ ஒன்றிரண்டு போனில் இருந்தால் நல்லது.

சான்றிதழ் வந்தது. அதற்காக நம்பிக்கை எங்கேயும் போய்விடவில்லை. 2013-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வை எங்கள் தெரபிஸ்ட் சொன்னார். நான்கு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பிற்பாடு பார்த்ததில், 70 சதவீதம் பேர் சின்னச் சின்ன வாக்கியமாவது பேசினார்களாம். மொத்தத்தில் சரளமாகவே பேசியவர்கள் 47 சதவீதம். ஐந்து வயதோடு பேச்சுக்கான கதவு சாத்திக்கொள்ளும் என்று எங்களைப் பயமுறுத்தியவர்கள் பலர். அந்தப் பயத்தில் பிள்ளையை விரட்டாமல் இருக்க இந்த எண்கள் உதவின. எல்லோருக்கும் பேச்சு வந்துவிடவில்லை என்பதும் அதே எண்களில் இருக்கிறது. அதையும் சேர்த்தே மனதில் வைத்திருக்கிறோம்.

மொழி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தெருவில் கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்றால் குழம்பிவிடுவான், தமிழை விட்டுவிடுங்கள் என்றார்கள் ஒரு ப்ளேஸ்கூலில். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அவனை மடியில் போட்டுக்கொண்டு பாட்டி பேசுவதெல்லாம் தமிழில்தானே, அதை எப்படி விடுவது? பேச்சு வராத பிள்ளைகளுக்காகச் சென்னையில் உருவான அவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. படத்தைத் தொட்டால் அது பேசும். செயலி கொடுத்தால் வாய் திறக்கவே மாட்டான் என்ற பயமும் தேவையற்றது.

இப்போது எட்டு வயது. ஆறரை வயதில் அந்தச் செயலியோடு சேர்ந்து "தண்ணி" என்றான். இன்று "பாட்டி, தோசை வேணும், சட்னி வேண்டாம்" என்கிறான். மாமியார் சட்னியைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார், நிரமயா புதுப்பிக்கும் தேதியையும் அவர்தான் ஞாபகப்படுத்துகிறார். "ஏன்" என்று கேட்டால் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் தெரபியில் அதைத்தான் எடுத்திருக்கிறோம்.