120 மாத்திரைகள்

எங்கள் மருந்துக்கடையில் அவர் கேட்டது 120 டெக்சா மாத்திரை; டெக்சமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட். கணக்கையும் அவரே போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாளுக்கு 6 மில்லிகிராம். எங்களிடம் இருப்பது அரை மில்லிகிராம் மாத்திரை. ஆகவே நாளுக்குப் பன்னிரண்டு, பத்து நாளுக்கு 120. கணக்கில் பிழையே இல்லை. கொரோனாவோடு வைத்தியசாலையில் இருந்த மச்சானை அனுப்பும்போது கொடுத்த துண்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். டெக்சமெத்தசோன் என்றிருந்த வரியை இரண்டு விரலால் பெரிதாக்கி, நாங்கள் கட்டியிருந்த பொலித்தீன் திரையோடு ஒட்டிப் பிடித்தார். மச்சான் பிழைத்துவிட்டார். இப்போது மனைவிக்குக் காய்ச்சல், மூன்றாம் நாள். சீனி வருத்தமும் இருக்கிறது.

2021 ஓகஸ்டில் திருகோணமலையில் மருந்துக்கடைக்குள் நின்றவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

நான் மறுத்தேன். மறுத்தது சரி; இன்று கேட்டாலும் மறுப்பேன். கொரோனாவில் முதல் வாரம் கிருமியுடையது. அது மூக்கிலும் தொண்டையிலும் பெருகும்போது அதை அடக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுதாக வேண்டும். சிலருக்கு இரண்டாம் வாரத்தில் அந்த எதிர்ப்பே கட்டுமீறி நுரையீரலை அழற்சியாக்குகிறது. டெக்சா தணிப்பது அதைத்தான். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ரிக்கவரி ஆய்வு 2020 ஜூனிலேயே இதைச் சொல்லிவிட்டது: செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. மூன்றாம் நாளில் கொடுத்தால் கிருமிக்குத்தான் வசதி. சீனியும் ஏறும். அந்த ஆண்டு இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை பிடித்தவர்களில் எத்தனையோ பேர் சீனி வருத்தக்காரர்கள், ஸ்டீரொயிட் எடுத்தவர்கள்.

இவ்வளவையும் அவரிடம் சொல்லவில்லை. வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. "ஐயா, ஒட்சிசன் இறங்கினால்தான் இந்த மருந்து. அதையும் வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்; சத்தம் போடுகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். "அப்படியென்றால், அவளுக்கு ஒட்சிசன் இறங்கும்வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா பிள்ளை?" என்று கேட்டார்.

ஆம் என்பதுதான் அதற்கு விடை. மருத்துவம் சொல்வதும் அதுவேதான்: பார்த்துக்கொண்டிரு, இறங்கினால் ஓடி வா. ஆனால் அந்த ஆம் என் வாயில் வரவில்லை. வீட்டிலிருந்தே பராமரிப்புப் பெற 1390க்கு அழைத்துப் பதியுங்கள், ஒட்சிசன் 94க்குக் கீழே போனால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்று அடுக்கினேன். எதை வைத்து 94 பார்ப்பார்? விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் ஒக்சிமீற்றர் எங்கள் கடையில் முடிந்து போயிருந்தது. உப்புவெளியில் ஒரு சொந்தக்காரரிடம் இருப்பதாகச் சொன்னார். வாங்கிப் பார்த்தாரோ என்னவோ.

என்னை உறுத்துவது இதுவும் இல்லை. அவர் வெறுங்கையோடு போகவில்லை. பனடோலும், கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத் தூளும் கொடுத்தேன். அது வேண்டியது. கூடவே சிங்க் இருக்கிறதா, விற்றமின் சி இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் பையில் போட்டேன். அவை கொரோனாவைக் குணப்படுத்தும் என்பதற்கு டெக்சாவுக்கு இருந்ததில் கால்வாசி ஆதாரம்கூட இல்லை. 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிக்காக ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தபோது கடையில் நாங்கள் சிரித்தோம். அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தபோது இன்னும் சிரித்தோம். எங்கள் புட்டிகளில் லேபிள் இருந்தது, அவ்வளவுதான்.

தீங்கு செய்வதை மறு, செய்யாததைக் கொடு என்பது ஒரு நியாயம். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், துண்டில் வைத்தியர் எழுதிய மருந்தைத் தராமல், எந்த வைத்தியரும் எழுதாததைத் தந்த கடை இது. சிங்கையும் மறுத்திருந்தால் டெக்சாவை மறுத்ததை நம்பியிருப்பாரோ? அல்லது இன்னும் வேகமாக அடுத்த கடைக்குப் போயிருப்பாரோ? பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையப் பக்கமாகத் திரும்பினார். அங்கும் கடைகள் இருக்கின்றன. 120 மாத்திரை கிடைத்ததா, மனைவி எப்படி இருக்கிறார், எதுவும் தெரியாது. முகக்கவசத்துக்கு மேலே பார்த்த கண்கள்தான். இன்று பிரஷர் மாத்திரை வாங்க வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

அண்மையில் முதலாளியிடம் இதைச் சொன்னேன். "சிங்க் யாரையும் கொல்லாதே பிள்ளை" என்றார். சரிதான். அந்த வாரம் சிங்க் வாங்கக் கொழும்புக்கு மூன்று முறை ஓடர் கொடுத்தவரும் அவர்தான்.