பெரிய புரவியின் கழுத்து

சித்திரை 24
கோயிலுக்கு மண்குதிரை தூக்கிப்போகும் புரவியெடுப்புக்குப் பிடிமண் கொடுத்தாச்சு, குதிரை செய்யத் தொடங்கச் சொல்லி ஒரு பிடி மண். இனி குயவர் வேளார் கையில்.

வைகாசி 3
பெரிய புரவிக்குக் கால் நாலும் நிற்கிறது. கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்தது. உமி குறைந்தால் காயும்போதே வெடிப்பு விடும். கால் இறுகின பிறகுதான் வயிறு ஏற்றணும், அவசரப்பட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். வயிற்றில் விட்ட ஓட்டையை உதவிக்கு வந்த பையன்கள் அடைக்கப் போக, வேளார் போட்டார் ஒரு சத்தம். சூளையில் உள்ஈரம் ஆவியாகி வெளியேற அது ஒன்றுதான் வழி.

வைகாசி 11
மழை.

வைகாசி 12
இன்றும் மழை. கழுத்து காயவில்லை. மேலே வெளுத்துவிட்டது, ஒட்டுப் போட்ட இடத்தில் கை வைத்தால் சில்லென்கிறது. வெயில் வந்ததும் வெளியே வைக்கலாமே என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் ஒட்டு விட்டுப்போகும். நிழல்தான்.

வைகாசி 27
சூளை பிரித்தாச்சு. நேர்த்திக்கடனுக்குச் செய்த மதலை, அதாவது மண் குழந்தைப் பொம்மை, இரண்டு வெடித்திருக்கு. பெரியது தப்பித்தது. கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. வேளார் தட்டிப் பார்த்தார், கணீரென்றுதான் கேட்டது. மேலோட்டமான கோடுதானாம்.

ஆனி 2
காப்புக் கட்டு.

ஆனி 5
காரைக்குடியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் தூக்க வருகிறார்களாம். வரட்டும், முதலில் தோள் உயரம் பார்த்து ஜோடி சேர்க்கணும். இல்லையென்றால் நெட்டையன் தோளில் மொத்தப் பாரமும் இறங்கும், குட்டையன் சும்மா கம்பைத் தொட்டுக்கொண்டு வருவான். வயிற்றுக்கடியில் நீளக் கம்பு இரண்டு, முன்னும் பின்னும் குறுக்குக் கம்பு. கயிறு மண்ணில் நேராகப் படாமல் நடுவே வைக்கோல் பிரி. நைலான் வேண்டவே வேண்டாம், முடிச்சு வழுக்கும். சிங்கம்புணரித் தேங்காய்நார்க் கயிறு போதும். முனை திரும்பும்போது உள்பக்கத்து ஆள் நின்ற இடத்திலேயே கால் மாற்றணும், வெளிப்பக்கம் சுற்றி வரணும். கொட்டு வேகமெடுத்தால் காலும் தானாக வேகமெடுக்கும். மேளக்காரரிடம் சொல்லியிருக்கு. கேட்பாரா, சந்தேகம்தான். கழுத்தை மட்டும் யாரும் பிடிக்கக்கூடாது. எல்லாருக்கும் கை அங்கேதான் போகிறது.

ஆனி 7
சுண்ணாம்பு அடித்ததில் கோடு மறைந்துவிட்டது. இடம் எனக்குத் தெரியும்.

ஆனி 8
கண் திறந்து பொட்டலில் வரிசையாக நிற்கின்றன. அரண்மனை சார்பில் செய்த புரவிதான் முதலில் கிளம்பும். பிள்ளைகள் ஷூவோடு வந்திருக்கிறார்கள். கழற்றச் சொல்லியாச்சு. தார் ரோடு கொதிக்கிறது, தண்ணீர் வண்டி இன்னும் வரலை. கோயில் வளைவில் உயரம் போதாது, அங்கே கம்பைத் தோளிலிருந்து கைக்கு இறக்கணும், முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில். புரவி மின்கம்பியில் உரசினாலும் ஆபத்தில்லாமல் இருக்க, கரண்ட் நாலு மணிக்கு நிறுத்துவார்கள். இப்போது மூன்றரை. பின் குறுக்குக் கம்புக்கு ஓர் ஆள் குறைகிறது.