மீட்டருக்கு மாமாவைத் தெரியாது

கேமராவுக்குள்ள இருக்கற மீட்டர் இருக்கே, அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கறது மாமாவா மண் சுவரான்னு ஒண்ணும் தெரியாது. உள்ள வர்ற வெளிச்சத்த அளக்கும், இந்த சீன் மொத்தமும் சராசரியா ஒரு நடுத்தர சாம்பல்ல வரணும்னா எவ்வளவு வெளிச்சம் விடணும்னு கணக்கு போடும், அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. 18 சதவீத சாம்பல்னு சொல்லுவாங்க, மேல விழற வெளிச்சத்துல 18 சதவீதத்த திருப்பி அனுப்புற பரப்பு. இப்ப வர்ற கேமரா, ஃபோன் எல்லாம் முகத்த கண்டுபிடிச்சு கொஞ்சம் விவரமா கணக்கு போடுதுங்க, வாஸ்தவம்தான், ஆனா அடியில இருக்கறது அந்த சாம்பல் புத்திதான்.

இதுல நமக்கு என்ன சிக்கல்னா, மாமா வெள்ளை வேட்டி வெள்ளை சட்டையில, சுண்ணாம்பு அடிச்ச சுவர் முன்னாடி, திண்ணையில உக்காந்திருப்பாரு. ஃபிரேம்ல முக்கால்வாசி வெள்ளை. மீட்டர் பாக்கும், அடேங்கப்பா எவ்வளவு வெளிச்சம்னு பயந்து வெளிச்சத்த குறைச்சிடும். வேட்டி அழுக்கு சாம்பல் ஆயிடும், ஏற்கனவே கருத்த முகம் இன்னும் இருண்டு கண்ணு எங்க இருக்குன்னே தெரியாது. சரின்னு மாமாவ எழுப்பி வாசக்கதவு நிலைக்குள்ள, பின்னாடி வீட்டு இருட்டு இருக்கற மாதிரி நிக்க வெச்சா அப்படியே தலைகீழா நடக்கும், இருட்டப் பாத்து வெளிச்சத்த ஏத்தி விட்டுடும், சட்டை வெளுத்துப் போயி பட்டன் கூட தெரியாது. ஒரே ஆளு, ஒரே சட்டை, நடுவுல நாலு அடி தூரம்தான்.

அதனால நான் புடிச்சிக்கிட்ட ஒரே விஷயம், முதல்ல முகத்துக்கு முடிவு பண்ணணும், மத்ததெல்லாம் அதுக்கப்புறம். கேமராவுல ஸ்பாட் மீட்டரிங்னு ஒண்ணு இருக்கும், ஃபிரேம்ல ஒரு சின்ன புள்ளிய மட்டும் அளக்கும், அத மாமா கன்னத்துல வெச்சு அளந்துட்டு மேனுவல்ல, அதாவது கேமரா தானா எதையும் மாத்தாத மோடுல, அப்படியே பூட்டிட வேண்டியது. ஸ்பாட் இல்லேன்னா பிளஸ் மைனஸ் போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டன், மீட்டர் சொன்னதுக்கு மேல வெளிச்சத்த ஏத்தவோ இறக்கவோ செய்யறது, வெள்ளை சுவருக்கு பிளஸ் 1, இருட்டு வாசலுக்கு மைனஸ் 1, அங்கேர்ந்து கொஞ்சம் அப்படி இப்படி.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். வெளிநாட்டு டியூட்டோரியல் நிறையப் பாத்தீங்கன்னா, முகத்துல ஸ்பாட் எடுத்தா அதுக்கு மேல ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்கு, ஏத்துங்கன்னு சொல்லுவாங்க. அது அவங்க தோலுக்கு சரி. ஆன்சல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சர்னு ரெண்டு அமெரிக்க ஃபோட்டோகிராஃபருங்க 1940 வாக்குல ஸோன் சிஸ்டம்னு ஒண்ணு உருவாக்குனாங்க, சுத்தக் கருப்புலேர்ந்து சுத்த வெள்ளை வரைக்கும் படிப்படியா பிரிக்கிறது, அதுல அஞ்சாவது படி நம்ம நடுத்தர சாம்பல், வெள்ளைக்காரங்க முகம் ஆறாவது படி. நம்ம மாநிறம் கிட்டத்தட்ட அந்த அஞ்சுலயே உக்காந்துக்கும், நல்ல கருப்புன்னா அதுக்கும் அரை படி, ஒரு படி கீழ. ஆக மாமா கன்னத்துல அளந்தா மீட்டர் சொல்றதே ஏறக்குறைய சரி, இன்னும் கருப்பான ஆளுன்னா கொஞ்சம் குறைக்கணும், ஏத்தக் கூடாது! ஏத்துனா நெத்தியில வேர்வை மினுமினுக்கற இடமெல்லாம் வெள்ளைத் திட்டா போயிடும். கருத்த தோலோட அழகே அந்த மினுமினுப்புதான், அத காலி பண்ணிட்டு என்ன போர்ட்ரெய்ட் எடுக்கறது.

அந்த பாரபட்சம் டியூட்டோரியல்ல மட்டும் இல்ல. ஃபிலிம் காலத்துல பிரிண்ட் லேபுங்க கலர் சரியா வருதான்னு பாக்க கோடாக் ஒரு கார்டு அனுப்பும், ஷெர்லி கார்டுன்னு பேரு, அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம், அந்தப் பொண்ணு தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு அர்த்தம். பல வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. எங்க அத்தை இன்னைக்கும் "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுடா"ன்னு சொல்லுவாங்க, அவங்கள குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது.

இப்ப ஸ்டாப் கணக்குக்கு வருவோம், இது தெரியாம மேல போக முடியாது. ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு இல்ல பாதி, அவ்வளவுதான். ஷட்டர், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற நேரம், 1/250 செகண்ட்லேர்ந்து 1/125க்கு வந்தா ஒரு ஸ்டாப் கூட, ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு உணர்ச்சியா இருக்குங்கற எண், 200லேர்ந்து 400 போனா ஒரு ஸ்டாப் கூட, அப்பெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள இருக்கற ஓட்டை, மட்டும் வித்தியாசமா எண்ணும், எஃப் எண் ஏற ஏற ஓட்டை சின்னதாகும், எஃப் 2.8லேர்ந்து 4 போனா பாதி வெளிச்சம், 4லேர்ந்து 5.6 போனா அதுலயும் பாதி. நூறு ரூபாய்க்கு சில்லறை மாத்துற மாதிரி, எப்படி மாத்தினாலும் மொத்தம் நூறுதான். எங்க திண்ணையில காலை நேரத்து நிழல்ல ஐஎஸ்ஓ 200, எஃப் 2.8, 1/250 கிட்ட வரும். அதே வெளிச்சத்துக்கு எஃப் 4, 1/125 போடலாம், எஃப் 5.6, 1/60 கூட போடலாம், படம் ஒரே பிரகாசம்தான்.

ஆனா படம் ஒண்ணு இல்ல. மாமா சும்மா இருக்க மாட்டாரு, தெருவுல போறவர கூப்பிட்டு பேசுவாரு, தலைய ஆட்டுவாரு, 1/60ல படத்துல கண்ணு மசங்கிடும், ஆளுங்கள எடுக்க 1/125க்கு கீழ நான் போறதில்ல. அப்பெர்ச்சர திறந்துக்கிட்டே போனா இன்னொரு வில்லங்கம். ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் வாங்குற 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், நல்ல லென்ஸ், கொடுத்த காசுக்கு மேல வேலை செய்யும், ஆனா வாங்குன கையோட 1.8லயே வெச்சு எல்லாத்தையும் சுடுறாங்க. சின்ன சென்சார் (படத்த பதிவு பண்ற சில்லு) இருக்கற கேமராவுல ஒன்றரை மீட்டர் தூரத்துல அந்த லென்ஸ் 1.8ல ஷார்ப்பா காட்டுறது மொத்தமே ஆறு ஏழு சென்டிமீட்டர் ஆழம். மூக்கு நுனியிலேர்ந்து காது வரைக்கும் அதுக்கு மேல இருக்கு. மூக்குல ஃபோகஸ் போயிடுச்சுன்னா கண்ணு போச்சு, கண்ணு போச்சுன்னா அந்தப் படமே போச்சு. எஃப் 4 வெச்சா பதிமூணு பதினாலு சென்டிமீட்டர் கிடைக்கும், முகம் முழுசா நிக்கும், பின்னாடி சுவரும் போதுமான அளவு கரையும். பின்னாடி எல்லாம் வெண்ணெயா உருகணும்ங்கறது ஒரு மோகம், எனக்கு அதுல பெரிய ஈர்ப்பு இல்ல, மாமா எந்தத் திண்ணையில உக்காந்திருக்காருன்னு தெரியறதுதான எனக்கு வேணும்.

வெளுத்துப் போறது பத்தி இன்னொண்ணு. இருட்டா வந்தத ரா ஃபைல்ல, அதாவது கேமரா பதிஞ்சத சுருக்காம அப்படியே வெச்சிருக்கற ஃபைல்ல, ஓரளவு மேல தூக்கலாம், புள்ளி புள்ளியா கொஞ்சம் நாய்ஸ் வரும், பரவாயில்ல. முழுசா வெளுத்துப் போன இடத்துல ஒண்ணுமே பதிவாகி இருக்காது, எங்கேர்ந்து எடுக்கறது? இது இன்னைக்கு நேத்து பிரச்சனை இல்ல, 1858ல லின்னியஸ் ட்ரைப்னு ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர்ல எல்லாம் காகித நெகட்டிவ்ல படம் எடுத்தாரு. அந்தக் கால ரசாயனத்துக்கு நீல வெளிச்சம்தான் ரொம்ப உறைக்கும், அதனால கோயிலுக்கு சரியா வெச்சா வானம் ஒரேடியா வெளுத்துடும். மனுஷன் என்ன பண்ணாருன்னா நெகட்டிவ் மேலயே மேகத்த வரைஞ்சு சேத்துட்டாரு. இப்ப நாம ஆப்ல வானத்த மாத்துறோமே, அதோட தாத்தா அவருதான்னு வெச்சுக்கலாம். பெரிய கோயில் அடித்தளத்து கல்வெட்ட துண்டு துண்டா எடுத்து ஒட்டி ஒரு நீள பனோரமாவே பண்ணியிருக்காரு, அது தனிக் கதை.

வெளிச்சம் எங்கேர்ந்து வருதுங்கறதுதான் போர்ட்ரெய்ட்டுக்கு பாதி வேலை, அதுக்கு நம்ம திண்ணைய அடிச்சிக்க ஆளில்ல. உச்சி வெயில்ல நடுத்தெருவுல நிக்க வெச்சா கண்ணு ரெண்டும் குழி, மூக்குக்கு கீழ மீசை மாதிரி நிழல். திண்ணையில ஓட்டுக்கூரை மேல் வெயில மறைச்சிடுது, தெருவுல பட்டுத் திரும்புற வெளிச்சம் மட்டும் எதிர்லேர்ந்து மெத்துனு உள்ள வருது. ஆள திண்ணை ஓரத்துக்கு இழுத்து உக்கார வெச்சு, முகத்த தெருப்பக்கம் லேசா திருப்பச் சொல்லிட்டு கருவிழிய கிட்டப்போயி பாருங்க, தெரு அதுல சின்னதா ஒரு வெள்ளைப் பொட்டா தெரியும், அந்தப் பொட்டு இருந்தாத்தான் கண்ணுக்கு உயிரு. சுவத்துப் பக்கம் ஒரு அடி பின்னால நகந்தாலே பொட்டு மங்கிடும். இன்னொரு வேடிக்கை, மீட்டர ஏமாத்துன அதே வெள்ளை வேட்டி இங்க நமக்கு வேலை செய்யுது, மடியில விரிஞ்சு கிடக்கற வேட்டியில பட்டு வெளிச்சம் தாடைக்கு அடியில ஏறும், வெளிச்சத்த திருப்பி விட தனியா தெர்மாகோல் அட்டை புடிக்க ஆள் வேண்டாம்.

"மாமா, கேமராவப் பாக்காதீங்க, சும்மா பேசிக்கிட்டு இருங்க"ன்னு சொன்னா போதும், உடனே பாஸ்போர்ட் ஃபோட்டோ மாதிரி விறைச்சிடுவாரு. "எப்போய்யா எடுப்ப?"ன்னு வாய அசைக்காம கேப்பாரு. "எடுத்தாச்சு மாமா"ன்னு சொன்னா தோள் இறங்கும் பாருங்க, அப்ப அமுக்கணும்.

கம்போசிஷனுக்கு ஃபிரேம மூணா பிரிக்கிற விதி எல்லாருக்கும் தெரியும், 1797லயே ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒருத்தர் ஓவியத்துக்கு எழுதி வெச்சது, ஃபோன்ல கிரிட் ஆன் பண்ணா கோடு வந்துடும், கண்ண மேல் கோட்டுக்கிட்ட வைங்க, பாக்கற பக்கம் கொஞ்சம் இடம் விடுங்க, தலைக்குப் பின்னாடி கரண்ட் கம்பம் முளைக்குதான்னு பாருங்க, மணிக்கட்டுல கைய வெட்டாதீங்க, முடிஞ்சுது. அதவிட முக்கியமா எனக்குப் படுறது தூரம். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போறோம், கருவறைக்கு மேல நிக்கற விமானம் சுமார் 216 அடி, அம்மாவ அதுக்கு அடியில போய் நிக்கச் சொல்லிட்டு நாம பின்னாடி பின்னாடி போறோம், கடைசியில கோயில் முழுசா வரும், அம்மா எறும்பு சைஸ்ல இருப்பாங்க. கோயில் முழுசா தெரியற தூரத்துக்கு முதல்ல நாம போயிட்டு, அப்புறம் அம்மாவ நம்ம பக்கத்துக்கு வரச் சொல்லணும், ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நிப்பாட்டுனா இடுப்புக்கு மேல பெருசா, பின்னாடி விமானம் முழுசா. ரொம்ப கிட்ட போயி வைட் லென்ஸ்ல எடுத்தா மூக்கு வீங்கும், அதுவும் தூரத்தோட வேலைதான், லென்ஸோட குத்தம் இல்ல.

ஃபோன்ல எடுக்கறவங்க முகத்துல விரல வெச்சு அழுத்திப் புடிச்சா பெரும்பாலும் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கும், பக்கத்துல ஒரு சூரியன் வரும், அத மேலயும் கீழயும் இழுத்துப் பாத்துக்கலாம்.

கடைசியா பிரிண்ட். ஸ்கிரீன் தானா ஒளிருது, பேப்பர் ஒளிராது, அதனால ஸ்கிரீன்ல சரியா இருந்தது பேப்பர்ல கொஞ்சம் இருட்டா வரும், கால் ஸ்டாப், அரை ஸ்டாப் ஏத்திக் கொடுக்கறது நல்லது. ஆனா கடையில கொடுக்கும்போது வாயத் தொறந்து "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்க"ன்னு சொல்லிடுங்க. சொல்லாம ஒரு கடையில விட்டுட்டு வந்தேன், நல்லா பண்ணித் தரோம்னு மாமாவுக்கு முகம் வழுவழுன்னு வெளுத்து, அவரு நெத்தியில இருக்கற தழும்பையும் சேத்து துடைச்சு எடுத்துட்டாங்க. இப்ப 4க்கு 6ல ஒண்ணே ஒண்ணு முதல்ல போடச் சொல்றேன், அத தெருவுக்கு எடுத்துட்டு வந்து பகல் வெளிச்சத்துல பாத்துட்டு, தழும்பு இருந்தா பெருசு போடச் சொல்றது.