தொடக்கப் போத்தலில் ஒயில் இருந்ததா?

கடந்த சோளகக் காலத்தில் ஒரு மாலைப்பொழுது, படகின் பின்புறத்தில் மாட்டும் 25 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்து என் பட்டறை வாங்கில் சாய்த்தார்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் படகு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் இப்படி ஓர் இயந்திரம் வந்து சேர்வது புதிதல்ல. ஆனாலும் கடலில் நின்றுபோன இயந்திரத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எங்கள் வடக்குக் கரையில் சோளகம் என்ற தென்மேல் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அந்தக் காற்றில் இயந்திரம் நின்ற படகு கரைக்கு ஒதுங்காது; இந்தியாவுடனான கடல் எல்லைக்கோட்டின் பக்கமாகத்தான் தள்ளுண்டு போகும். அன்று அருகில் வேறொரு படகு நின்றதால் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள்.

தொடக்கக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இயந்திரம் துளியும் அசையவில்லை. சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரையும் திறந்து பார்த்தபோது, புகை வெளியேறும் துவாரத்தின் பக்கமாகப் பிஸ்டனில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் விழுந்திருந்தன. பிஸ்டனின் அலுமினியம் இளகி, சிலிண்டரின் உட்சுவரான இரும்பு ஸ்லீவின் மேல் ஈயம் பூசினாற்போல் அப்பியிருந்தது. பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங் தண்டோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட்டின் கீழ்முனையோ நீலம் பாரித்துக் கிடந்தது. குளிர்நீர் மட்டும் குறைந்திருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். ஆனால் கீழ்முனை நீலமாவது அங்கே எண்ணெய் போய்ச் சேரவில்லை என்பதற்கான அடையாளம்.

"அண்ணை, ஒயில் விடாமல் நான் ஒருநாளும் ஓடினதில்லை" என்றார் படகுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரம் அது; அவருடைய 20 லீற்றர் மண்ணெண்ணெய்க் கலனில் ஒயில் கலவை சரியாகவே இருந்தது. பின்னர், இயந்திரத்தை இயக்கத் தொடங்குவதற்கென்று அவர் வைத்திருந்த இரண்டு லீற்றர் பெற்றோல் போத்தலை வாங்கி, அதில் ஒரு துளியைத் தாளின் மேல் விட்டேன். சற்று நேரத்தில் அது தடயமே இல்லாமல் காய்ந்துவிட்டது. ஒயில் கலந்த பெற்றோலாக இருந்தால் தாளில் எண்ணெய்க் கறை ஒன்று எஞ்சியிருக்கும். அந்தப் போத்தலில் இருந்தது வெறும் பெற்றோல்.

இது ஏன் இவ்வளவு பெரிய பிழை என்பதை விளங்கிக்கொள்ள, டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தின் உள்ளமைப்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும். மோட்டார் காரிலும் ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரத்திலும் அடியில் ஒயில் தேங்கி நிற்கும்; ஒரு பம்பு அதை எடுத்து எல்லா உறுப்புகளுக்கும் அனுப்பும். எங்கள் கரையில் பெரும்பாலும் ஓடும் சிறிய டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்களில் அப்படி எதுவும் இல்லை. எரிபொருளும் காற்றும் முதலில் கிராங் அறைக்குள் நுழைந்து, அங்கே அழுத்தப்பட்டு, அதன் பின்னரே பிஸ்டனுக்கு மேலே செல்கின்றன. அந்தப் போக்கிலேயே கிராங்கின் பெயாரிங்குகள், கொனெக்டிங் ரொட்டின் இரு முனைகள், சிலிண்டர்ச் சுவர் ஆகிய அனைத்தும், எரிபொருளில் கரைந்து வரும் ஒயிலால் மட்டுமே நனைகின்றன. நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும்போது பிஸ்டன் ஒரு விநாடிக்குள் எண்பது தடவைக்கு மேல் மேலும் கீழும் போய் வருகிறது. அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவதால், இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்த கணத்தில் சூடு ஏறி, பிஸ்டன் பருத்து, ஸ்லீவை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒயில் கலக்காத எரிபொருளில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்த இயந்திரம் ஒயிலே இல்லாமல் ஓடும் நிமிடம்தான்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் குளிர்ந்த இயந்திரத்தை அதில் தொடக்க முடியாது; பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் காட்டி, மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்தவர்க்கு இதை விளக்கவே தேவையில்லை. இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன்பும் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த நாள், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கி நிற்கும், பிளக் நனைந்து கிடக்கும். ஆக, இயந்திரம் உறங்கப் போகும்போது அதன் உட்புறத்தைக் கடைசியாகத் தொடுவது தொடக்கப் போத்தலில் இருக்கும் பெற்றோல்தான். அதில் ஒயில் இல்லையென்றால், பெயாரிங்கில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு உப்புக் காற்றில் இரவு முழுவதும் அந்த உருக்கு வெறுமையாகக் கிடந்து துருவேறும். காலையில் மறுபடியும் வெறும் பெற்றோலில் தொடக்கம். இப்படி மாதக்கணக்கில் நலிந்த பெயாரிங்கோடுதான் அவர் அன்று கடலுக்குப் போயிருக்கிறார். வலையை ஏற்றிய பின், காற்று கடுத்துவிட்டதே என்ற அவசரத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்ற மறந்து, போத்தல் பெற்றோலிலேயே முழு வேகத்தில் கரையை நோக்கி ஓடியிருக்கிறார். மணிக்குப் பத்து லீற்றர் குடிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு லீற்றர் பன்னிரண்டு நிமிடங்களுக்குப் போதும். அந்தப் பன்னிரண்டு நிமிடங்கள்கூட அது தாங்கவில்லை.

கலவை அளவைப் பற்றிக் கரையில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். உங்கள் இயந்திரத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு. ஐம்பதுக்கு ஒன்று என்று இருந்தால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். புது இயந்திரத்தைப் பழக்கும் காலத்தில் இருபத்தைந்துக்கு ஒன்று என்று இருந்தால் 800 மில்லிலீற்றர். கைக்கணக்கில் ஊற்றுவதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை. குறைந்தால் என்ன நடக்கும் என்பதை மேலே சொன்னேன். கூடினாலும் கேடுதான்: பிளக்கில் கரி அடையும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும், புகைத் துவாரம் சுருங்கும்.

கலக்கும் முறையும் அளவைப் போலவே முக்கியம். நிரம்பிய கலனில் ஒயிலை ஊற்றி மூடிவிட்டால், எரிபொருளைவிட அடர்த்தி கூடிய ஒயில் அப்படியே அடியில் போய் இறங்கிவிடும். உறிஞ்சு குழாய் அடியிலிருந்து இழுப்பதால் முதலில் ஒயிலே போய்ப் புகை கக்கும், பிளக் நனையும். படகுக்காரர் ஒயில் கூடிவிட்டது என்று நினைத்துப் பிளக்கை மாற்றிவிட்டுத் தொடர்ந்து ஓடுவார். அதன் பின் வருவது ஒயில் இல்லாத எரிபொருள். பாதி எரிபொருளை விட்டு, ஒயிலை அளந்து ஊற்றி, மூடிக் குலுக்கி, பிறகு மீதியை விட்டு மறுபடியும் குலுக்க வேண்டும். ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்டால் அது மீண்டும் பிரியாது.

எந்த ஒயில் என்ற கேள்விக்கு வருகிறேன். போத்தலில் டீசி-டபிள்யூ3 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது நீரால் குளிரூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கென வகுக்கப்பட்ட தரம். மோட்டார் சைக்கிளின் ஃபோர்-ஸ்ட்ரோக் ஒயிலில் உலோகச் சேர்மங்கள் இருக்கும். அவை எரிந்து சாம்பலாகி பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படியும். அந்தச் சாம்பல் தணலாகி, பிளக் பொறி விடுவதற்கு முன்னரே எரிபொருளைப் பற்றவைத்து, பிஸ்டனில் துளை விழுத்திய கதைகளும் உண்டு. ஒரு காலத்தில் ஆமணக்கெண்ணெயை ஊற்றிப் பந்தய இயந்திரங்களையும் பழைய விமானங்களையும் ஓட்டியிருக்கிறார்கள். சூட்டைத் தாங்கி உலோகத்தில் ஒட்டி நிற்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் அது கோந்தாகப் படிவதால் இன்றைய இயந்திரத்துக்குத் தேவையில்லாத வேலை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியதை இந்தக் கரையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின் ஒயிலைக் குறைத்து மிச்சம் பிடித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிடித்த மீன் எரிபொருளுக்கே போதாத நாட்கள் அவை. ஆயினும் ஒரு பிஸ்டன், இரண்டு பெயாரிங்குகள், ஸ்லீவ் வேலை, கடலுக்குப் போகாத நாட்கள் என்று கூட்டிப் பார்த்தால், மிச்சம் பிடித்த ஒயிலின் விலை அதன் பக்கத்தில் நிற்காது.

பிஸ்டன் பிடிப்பதற்கெல்லாம் ஒயிலே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. குளிர்நீரை ஏற்றும் இம்பெலரின் றப்பர் இதழ்கள் தேய்ந்தாலோ, மணல் அடைத்தாலோ குளிர்நீர் ஏறாது. இயந்திரத்தின் பின்னால் பீறிடும் நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். கிராங் அறையின் சீலில், அதாவது கசிவைத் தடுக்கும் றப்பர் வளையத்தில், காற்றுக் கசிந்தால் எரிபொருளின் பங்கு குறைந்து, அதோடு ஒயிலின் பங்கும் குறையும். காபுரேற்றரில் எரிபொருள் வரும் சிறு துளையான ஜெட்டில் தூசி அடைத்தாலும் அதே கதைதான்.

கீழே இருக்கும் கியர்ப் பெட்டிக்குத் தனி ஒயில் உண்டு என்பதைப் பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்த இயந்திரத்தைப் பிரித்த கையோடு கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியையும் தளர்த்தினேன். பால் கலந்த தேநீரைப் போல ஒயில் வடிந்தது; கடல்நீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். புரொப்பெல்லரைக் கழற்றியபோது, தண்டோடு இறுகச் சுற்றிய தங்கூசி என்ற நைலோன் தூண்டில் இழை ஒன்று சீலின் விளிம்பை அறுத்திருந்தது. பழைய ஒயில் முழுவதையும் வடித்து, சீலை மாற்றி, கீழ்த் துவாரத்தின் வழியாகவே புது ஒயிலை ஏற்றி, மேல் துவாரத்தில் வழியும் வரை விட்டேன். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிறைப்பட்டுவிடும்.

பிஸ்டனும் பெயாரிங்கும் வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின. இயந்திரத்தை எடுக்க வந்தபோது அவர் தொடக்கப் போத்தலையும் கொண்டுவந்திருந்தார். இரண்டு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயிலை மருந்துக் குவளையால் அளந்து ஊற்றி, குலுக்கி, ஒரு துளியைத் தானே தாளில் விட்டார். பெற்றோல் காயும் வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டமாக ஒரு கறை நின்றது.