ஐப்பசி மழைநீரில் ஹுவாங்ஷான் தேயிலை

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே டிகாக்‌ஷன் மணம் எழுந்துவிடும். அப்படிப்பட்ட தெருவில் வளர்ந்த நான், பாலும் சர்க்கரையும் சேராத ஒரு தேநீரின் மீது இவ்வளவு பற்று வைப்பேன் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நினைத்ததில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது 50 கிராம் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தான். சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் உள்ள ஹுவாங்ஷான் மலைப்பகுதியில் விளையும் மாவோஃபெங் என்னும் பச்சைத் தேயிலை அது.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். நாம் கடையில் வாங்கும் தேயிலைத்தூளுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஒரு மொட்டு, அதைத் தழுவிக்கொண்டு ஓர் இளம் இலை, மேலே பூனைமயிர் போன்ற வெண்மையான மெல்லிய ரோமம்; சிலவற்றின் அடியில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு சிற்றிலை ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வடிவத்தைச் சிட்டுக்குருவியின் நாக்கு என்று சீனர்கள் சொல்வார்கள். ‘மாவோ’ என்றால் மயிர், ‘ஃபெங்’ என்றால் சிகரம்.

ஹுவாங்ஷானின் உயர்ந்த சிகரம் 1,864 மீட்டர். தேயிலை அதற்குக் கீழே, மூடுபனி அடிக்கடி தங்கும் சரிவுகளில் வளர்கிறது. சுளீரென்ற வெயில் பட்டால் இலையில் உள்ள தியானைன் என்னும் இனிப்புச் சுவை தரும் பொருள், துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டசின்களாக மாறிவிடும். குளிரும் பனிமூட்டமும் அந்த மாற்றத்தைக் குறைக்கின்றன. ஏப்ரல் 5ஆம் தேதியை ஒட்டி வரும், சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளுக்கு முன் கிள்ளும் இளந்தளிருக்கு மதிப்பு அதிகம். கிள்ளிய இலையைச் சூடான இரும்புச் சட்டியில் வதக்கி, அது கறுக்காமல் நிறுத்தி, பிறகு அனலில் உலர்த்துகிறார்கள்.

இவ்வளவு பக்குவமாக வந்த இலையை முதல் நாளே நான் கெடுத்தேன். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அப்படியே ஊற்றினேன். சாறு பழுப்பு மஞ்சளாகக் கலங்கியது, மேலே மெல்லிய ஏடு படர்ந்தது, தொண்டையில் கசப்பு நின்றது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி இருக்கேடா” என்றார். அவர் சொன்னது உண்மைதான். குற்றம் இலையில் இல்லை. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்த உப்பில்தான் இருந்தது. எட்டாம் நூற்றாண்டிலேயே லூ யூ என்ற தேநீர் அறிஞர், மலைநீர் முதல் தரம், ஆற்றுநீர் நடுத்தரம், கிணற்றுநீர் கடைத்தரம் என்று வகுத்துவிட்டார். சமவெளியில் இருக்கும் நமக்கு மலை ஊற்றுக்கு வழியில்லை. ஆனால் ஐப்பசி இருக்கிறது.

எங்கள் வீட்டில் முற்றம் இன்னும் மூடப்படவில்லை. முதல் இரண்டு மழையை ஓட்டின் தூசியைக் கழுவ விட்டுவிட்டு, மூன்றாவது மழையில் தாழ்வாரத்து விளிம்பில் வெள்ளை வேட்டியைக் கட்டி அண்டாவில் நீர் பிடிப்பது பாட்டி காலத்து வழக்கம். அந்த நீரை நன்றாகக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தியபோது கசப்பு போயிற்று, நிறமும் தெளிந்தது, ஆனால் சுவை சற்றே மெலிந்திருந்தது. பல நாள் மாற்றி மாற்றிப் பார்த்து, மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கொதித்து ஆறித் தெளிந்த குழாய்நீர் என்ற அளவில் நின்றிருக்கிறேன். என் நாவுக்கு இதுவே சரி.

அடுத்தது சூடு. இந்த இலைக்கு 80 டிகிரி போதும். கொதிநீர் கேட்டசின்களை வேகமாக இழுத்துவிடும். இதற்கு டெல்டாக்காரர் யாருக்கும் பாடம் வேண்டியதில்லை. காபி ஆற்றுகிற அதே கையால் வெறும் கொதிநீரை எவர்சில்வர் டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஆற்றினால் ஆயிற்று. ஒருமுறை வெப்பமானி வைத்துப் பார்த்தேன். என் வீட்டில் நான்கு முறை ஆற்றியதில் 80ஐத் தொட்டது. நீர் விழும் ஓசைகூட மாறுகிறது என்று எனக்குத் தோன்றும். கொதிக்கும் நீர் மழுங்கலாகவும் ஆறிய நீர் கூர்மையாகவும் விழும்.

கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, 3 கிராம் இலையை இட்டு, அது நனைந்து நெகிழும்வரை அரை நிமிடம் பொறுத்து, பிறகு மீதி நீரை 150 மில்லி வரை ஊற்றுகிறேன். மொட்டுகள் முதலில் மிதந்து, ஒவ்வொன்றாகத் தலைநிமிர்ந்து இறங்குகின்றன. நாற்று நட்ட வயலை மேலிருந்து பார்ப்பதுபோல் அடியில் பச்சை நிற்கிறது. முதல் ஊற்றலில் வேகவைத்த பச்சைப்பயறின் மணம், பின்னால் பூவின் சாயல். முழுவதும் குடிக்காமல் மூன்றில் ஒரு பங்கை விட்டு மேலும் நீர் சேர்க்க வேண்டும். சீனர்கள் இதை வேரை விட்டுவைத்தல் என்பார்கள். இரண்டாவதுதான் எனக்கு உயர்ந்தது: துவர்ப்பு நாவைத் தொட்டுவிட்டு விலக, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையில் இனிப்பு திரும்பி வருகிறது. மூன்றாவது இளைத்துவிடும், அதையும் நான் விடுவதில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த இலையை வெளியே வைத்தால் ஒரு மாதத்தில் மணம் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்தவுடன் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வந்தபின் திறப்பது நல்லது. இல்லையென்றால் இலை வியர்த்துவிடும். அண்டாவில் இன்னும் இரண்டு குடம் மழைநீர் இருக்கிறது. பொட்டலத்தில் ஏழெட்டுத் தடவைக்கு இலை இருக்கிறது.