நீலத்திலிருந்து மயில்கழுத்துப் பச்சைக்கு: டெயில்விண்டில் நிறம் மாற்றுதல்

எனது தனிப்பட்ட தளத்தின் முதன்மை நிறம் இதுவரை நீலமாக இருந்தது. இணையப் பக்கத்தின் தோற்றத்தை ‘கிளாஸ்’ எனும் ஆயத்தப் பெயர்களால் அமைக்க உதவும் டெயில்விண்ட் சிஎஸ்எஸ்ஸைக் கொண்டு தளம் அமைப்பவர்களில் பலரும் முதலில் கை வைப்பது அதன் இயல்பு நீலத்தில்தான் என்பதால், எந்தத் தளத்துக்குப் போனாலும் ஒரே பொத்தானைப் பார்ப்பது போன்ற சலிப்பு ஏற்பட்டுவிட்டது. ஆகவே, டெயில்விண்டில் ‘டீல்’ என்ற பெயரில் இருக்கும் மயில்கழுத்துப் பச்சைக்கு மாறிவிட்டேன்.

எடிட்டரைத் திறந்து, கோப்புகள் அனைத்திலும் ‘ப்ளூ’ என்று வரும் இடங்களை ‘டீல்’ என்று ஒரே அடியில் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். இரண்டு நிறங்களுக்கும் மிக வெளிரான 50இல் தொடங்கி மிக இருண்ட 950 வரை அதே 11 படிகள் இருப்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது. தளத்தைத் தொகுக்கும் பில்டும் ஒழுங்காக ஓடும். ஆனால் எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தி கொண்டவை என்று ஆகிவிடாது. வெள்ளைப் பின்னணியோடு ஒப்பிட்டால் பதிப்பு 3இன் ப்ளூ-600க்கு வெளிச்ச வேறுபாட்டு விகிதம் (கான்ட்ராஸ்ட்) 5.17, டீல்-600க்கு அது 3.74 மட்டுமே. சாதாரண அளவு எழுத்துக்கு, எல்லோராலும் படிக்க முடிகிற தளங்களுக்கான டபிள்யூசிஏஜி விதிகளின் ஏஏ நிலை கேட்பது குறைந்தது 4.5. அதாவது, நீலப் பொத்தானின் மேல் தெளிவாகத் தெரிந்த வெள்ளை எழுத்து, அதே எண்ணுள்ள பச்சைப் பொத்தானின் மேல் தேறாது. டீல்-700க்கு இறங்கினால் 5.47 கிடைக்கிறது. பொத்தான் 700க்குப் போகும்போது, அதன் மேல் சுட்டியைக் கொண்டு செல்லும்போது வரும் ஹோவர் நிறம் 800க்கு நகர வேண்டும். தேடி மாற்றும் வசதிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

இதனால்தான் பக்கங்களின் வார்ப்புருக்களான டெம்ப்ளேட்டுகளில் நிறத்தின் பெயர் நேரடியாக வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொத்தானின் பின்னணிக்கு ‘பிஜி-ப்ளூ-600’ என்று எழுதுவதற்குப் பதிலாக ‘பிஜி-பிரைமரி’ என்றும், ஹோவருக்கு ‘பிரைமரி-ஸ்ட்ராங்’ என்றும், தேதி போன்ற துணை வரிகளுக்கு ‘டெக்ஸ்ட்-மியூட்டட்’ என்றும், அது செய்யும் வேலையைக் கொண்டு பெயர் வைத்துவிட்டால், எந்த வேலைக்கு எந்தப் படி என்ற முடிவு கட்டமைப்புக் கோப்பில் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். ப்ளூ என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மதிப்பை மட்டும் பச்சையாக்குவோரும் உண்டு. ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர் யாராக இருந்தாலும் பாவம்தான்.

பதிப்பு 3இல் இந்த மாற்றம் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்புக் கோப்பில் நடக்கும். அங்கே ‘தீம்’ பகுதியில் ‘கலர்ஸ்’ என்பதை நேரடியாக எழுதினால் டெயில்விண்டின் இயல்பு நிறங்கள் மொத்தமும் நீங்கி, நாம் தந்தவை மட்டுமே மிஞ்சும். ‘எக்ஸ்டெண்ட்’ என்பதற்குள் எழுதினால் இருப்பவற்றோடு நம்முடையவை சேரும். 2025 ஜனவரியில் வந்த பதிப்பு 4, கட்டமைப்பைச் சிஎஸ்எஸ் கோப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அதில் ‘தீம்’ என்ற கட்டளைக்குள், ‘கலர்’ என்று தொடங்கும் மாறி ஒன்றை அறிவித்தால் போதும். அதற்குரிய பின்னணி, எழுத்து, பார்டர் கிளாஸ்கள் எல்லாம் தாமாகக் கிடைக்கும். தளம் இன்னும் பதிப்பு 3இல் இருந்தால், பதிப்பை உயர்த்துவதையும் நிறம் மாற்றுவதையும் ஒரே கமிட்டில், அதாவது நிரல் மாற்றங்களின் ஒரே பதிவில், செய்ய வேண்டாம். பதிப்பு 4இல் பார்டரின் இயல்பு நிறம் வெளிர் சாம்பலிலிருந்து அந்த இடத்து எழுத்தின் நிறத்துக்கு மாறியிருக்கிறது; திடீரென்று ஒரு பெட்டியைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரிந்தால், அது எந்த மாற்றத்தின் விளைவு என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

பதிப்பு 4 செய்த இன்னொரு மாற்றம், இயல்பு நிறங்கள் அனைத்தையும் ஓகேஎல்சிஹெச் முறையில் எழுதியது. பியோர்ன் ஒட்டோசன் 2020இல் வெளியிட்ட ஓகேலேப் நிறவெளியை அடிப்படையாகக் கொண்ட இந்த முறையில் ஒரு நிறம் மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது: வெளிச்சம், செறிவு, நிறக்கோணம். பழைய ஹெச்எஸ்எல் முறையில் 50 சதவீத வெளிச்சம் கொண்ட மஞ்சளும் நீலமும் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரிவதில்லை. அந்தக் கோளாறு இங்கே பெருமளவு குறைகிறது. சொந்தமாக ஒரு வண்ணவரிசை உருவாக்குபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனாலும், நீலத்தின் எண்களை எடுத்துக்கொண்டு கோணத்தை மட்டும் திருப்பினால் பச்சை வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. ப்ளூ-500இன் வெளிச்சம் 62.3 சதவீதம், செறிவு 0.214, கோணம் ஏறத்தாழ 260. டீல்-500இன் கோணம் ஏறத்தாழ 182; அதன் செறிவோ 0.14தான். பச்சையும் நீலமும் கலந்த அந்தப் பகுதியில் 0.214 அளவு செறிவைச் சாதாரணத் திரைகளால் காட்டவே முடியாது. உலாவி அதைத் தன்னால் காட்ட முடிந்த ஏதோ ஒரு நிறத்துக்கு இழுத்துக்கொள்ளும். நாம் எழுதியது ஒன்றாகவும் திரையில் தெரிவது வேறாகவும் இருப்பது அப்படித்தான். வரிசையின் இரு முனைகளிலும், அதாவது 50, 100 ஆகிய வெளிர் படிகளிலும் 900, 950 ஆகிய இருண்ட படிகளிலும், செறிவை மேலும் குறைக்க வேண்டியிருக்கிறது.

டார்க் மோட் வைத்திருப்பவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். வேலைப் பெயரைக் கொண்ட மாறி வேறொரு மாறியைச் சுட்டினால், ‘தீம்’ கட்டளையோடு ‘இன்லைன்’ என்பதையும் சேர்ப்பது நல்லது. சேர்க்காவிட்டால் அதன் மதிப்பு பக்கத்தின் வேரிலேயே, அதாவது எல்லாவற்றுக்கும் மேலுள்ள கூறிலேயே, தீர்மானிக்கப்பட்டுவிடும். பக்கத்தின் நடுவே ஒரு பகுதிக்கு மட்டும் இருண்ட நிறங்களைத் தந்தால், அந்தப் பகுதி பழைய நிறத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

துணை வரிகளின் சாம்பல் நிறத்தையும் இந்தச் சாக்கில் திருத்தினேன். கிரே-400க்கு வெள்ளையின் மேல் 2.54தான் தேறுகிறது; கிரே-500க்கு 4.83. சுழியும் வளைவும் நெருங்கி வரும் தமிழ் எழுத்தைச் சிறிய அளவில் கிரே-400இல் போட்டால், ‘ண’வும் ‘ன’வும் வெயிலில் பிடித்த கைபேசியில் ஒன்றாகவே தெரியும். ஆங்கில வார்ப்புருக்களை எடுத்துத் தமிழுக்குப் பயன்படுத்தும் தளங்கள் பலவற்றில் இந்தக் குறை இருக்கிறது.

நிறப் பெயரை நிரலில் துண்டு துண்டாக ஒட்டி உருவாக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். டெயில்விண்ட் நம் கோப்புகளை வெறும் எழுத்துத் தொடராகவே படிக்கிறது, ‘பிஜி’ என்பதோடு ஒரு மாறியையும் எண்ணையும் ஓடும் நேரத்தில் இணைத்தால் அந்த கிளாஸ் அதன் கண்ணில் படாது, சிஎஸ்எஸ்ஸிலும் வராது. முழுப் பெயரும் கோப்பில் எங்காவது அப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கட்டமைப்பைத் தொட்டாலும் மாறாத இடங்கள் கடைசியில் மிஞ்சும். பதிப்பு 3இல் டேப் விசையை அழுத்தி நகரும்போது தெரியும் ரிங் வளையத்தின் இயல்பு நிறம் நீலம். அதற்குத் தனியாக நிறம் சொல்லாவிட்டால் பச்சைத் தளத்தில் நீல வளையம் எட்டிப்பார்க்கும். எஸ்விஜி ஐகான்களுக்குள் நேரடியாக எழுதப்பட்ட நிறங்களை ‘கரண்ட்கலர்’ என்று மாற்றினால் அவை சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தைப் பின்பற்றும். கைபேசி உலாவியின் மேல்பட்டைக்கு நிறம் தரும் ‘தீம்-கலர்’ மெட்டா குறிச்சொல், தள அடையாளச் சின்னம், செய்தி மடலின் வார்ப்புரு ஆகிய மூன்றும் டெயில்விண்டின் கைக்கு எட்டாதவை. அவற்றில் பழைய நீலத்தின் எண்ணை நேரடியாகத் தேடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.